எழுதுபவனின் அமானிதம்

சென்ற நோன்புக்குச் சற்று முன்னதாக எனது வலது மணிக்கட்டில் ஒரு வலி தொடங்கியது. முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் கரும்பலகையில் எழுதிய கை; மீதி நேரத்தில் கணனியின் முன்னால் தட்டிக்கொண்டிருந்த கை. வயதுக்கேற்ற வலி என்றே நினைத்தேன். பின்னர் பெருவிரலும் பக்கத்து இரு விரல்களும் விறைக்கத் தொடங்கின. மணிக்கட்டினுள் நரம்பு நெரிபடுகிறது என்றார் வைத்தியர். சில மாதங்களுக்குத் தட்டச்சும் வேண்டாம், பேனையும் வேண்டாம் என்றார். இந்த இதழுக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்த சமயம் அது.

மகன்தான் வழி சொன்னான். "கையால எழுத ஏலாட்டி வாயால எழுதுங்க வாப்பா" என்று கூறி, எனது கையடக்கத் தொலைபேசியின் விசைப்பலகையில் இருந்த ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுக் காட்டினான். மொழிப் பட்டியலில் தமிழ் நாடு வாரியாகப் பிரிந்து கிடந்தது. இலங்கைத் தமிழைத் தெரிவுசெய்தோம். பேசப் பேச எழுத்து ஓடியது. கூகுள் நிறுவனம் 2017இல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது பத்திரிகையில் வாசித்துவிட்டு, நமக்கெதற்கு இது என்று பக்கத்தைப் புரட்டியவன் நான்.

எனது முதல் வாக்கியத்தை வீட்டு வாசலில் கண்ட காட்சியிலிருந்து எடுத்துக்கொண்டேன். "சாச்சிட வீட்டுக்கு ராத்தா நோம்புக் கஞ்சி கொண்டு போனா" என்றேன். திரையில் விழுந்தது இது: சாட்சி வீட்டுக்கு ராதா நோன்பு கஞ்சி கொண்டு போனால். கொண்டு போனால் என்ன நடக்கும் என்று இயந்திரம் சொல்லவில்லை. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு மூத்தம்மா முத்தம்மா ஆனார். கபுறு கபூர் ஆனது. நோம்பு மட்டும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் நோன்பாகத் திருத்தப்பட்டது; அது பிழையுமல்ல, நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆயினும் நான் சொல்லாத ஓர் எழுத்து அது.

இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டு விட்டுவிடலாம். கைவலி வந்த பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வாரங்கள் இந்த இயந்திரத்தோடு பேசிய பின்னர், சிரிப்புக்கு அடியில் ஒரு கேள்வி கிடப்பதை உணர்ந்தேன். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும்போது, எழுதுகிறவர் சொல்லுகிறவருக்குக் கடமைப்பட்டிருப்பது எதில்? இந்தக் கேள்வியை நான் இயந்திரத்திடம் கேட்கத் தகுதியுள்ளவன்தானா என்பது வேறொரு விடயம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். வாயால் சொல்வது எழுத்தாகாது, அது எழுத்துக்குச் செய்யும் துரோகம் என்று நண்பரொருவர் வாதிட்டார். அவர் நல்ல கவிஞர். கோபம் வந்தால் இன்னும் நல்ல கவிஞர். எனினும் இந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. எழுத்தின் வரலாற்றில் பெரும் பகுதி சொல்லி எழுதப்பட்டதே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை செய்யுள்களைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிய விதத்தை உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். மில்டன் பார்வையிழந்த பின்னரே தனது பெருங்காவியத்தைச் சொல்லி எழுதுவித்தார். எமது ஊர்ப் பெண்கள் வயலிலும் தொட்டிலடியிலும் கட்டிய கவிகளை எழுதியவர்கள் அவர்களல்லர், கேட்டவர்களே. அரபுலகில் இது ஒரு கலையாகவே வளர்ந்தது. இம்லா என்று அதற்குப் பெயர். ஆசிரியர் பள்ளிவாசலில் அமர்ந்து சொல்வார். கூட்டம் பெரிதானால், அவர் சொல்வதைப் பின்வரிசைக்குக் கேட்கும்படி உரத்துத் திரும்பச் சொல்வதற்கென்றே ஒருவர் இருப்பார், அவர் முஸ்தம்லீ. அப்படிச் சொல்லி எழுதப்பட்ட நூல்களுக்கு 'அமாலீ' என்றே பெயர் நிலைத்தது. 10ஆம் நூற்றாண்டில் அல்காலீ ஸ்பெயினின் கோர்தோபாவில் சொல்லி எழுதுவித்த நூல் அவற்றுள் புகழ்பெற்றது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்ஸம்ஆனீ, சொல்பவரும் எழுதுபவரும் பேணவேண்டிய ஒழுக்கங்கள் பற்றி 'அதபுல் இம்லா வல் இஸ்திம்லா' என்று தனியான நூலே செய்தார்.

அந்த மரபில் என்னை மிகவும் கவர்ந்தது சொல்வதுமல்ல, எழுதுவதுமல்ல. எழுதி முடித்த பிறகு நடக்கும் காரியம். முகாபலா என்பார்கள். மாணவன் தான் எழுதிய பிரதியை ஆசிரியரின் முன்னிலையில் திரும்ப வாசிக்கவேண்டும், அல்லது மூலப்பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடவேண்டும். அப்படி ஒப்பிடப்படாத பிரதியை நம்பி எடுத்துக்கொள்ள அறிஞர்கள் தயங்கினார்கள். எழுதியவன் நல்லவனா கெட்டவனா என்பது அங்கு பிரச்சினையல்ல. நல்லவனின் காதும் தவறும். ஆகவே காகிதம் சொன்னவரின் செவிக்குத் திரும்பிப் போகவேண்டும்.

எனவே சொல்லி எழுதுவதில் இழுக்கில்லை. அமெரிக்க நாவலாசிரியர் ரிச்சர்ட் பவர்ஸ் கட்டிலில் படுத்தபடி கணனியிடம் சொல்லியே நாவல்கள் எழுதியிருக்கிறார். 2006இல் வெளிவந்து அந்நாட்டின் தேசியப் புத்தக விருதைப் பெற்ற 'தி எக்கோ மேக்கர்' அவ்வாறு எழுதப்பட்டது. 1997இல் 'டிராகன் நெச்சுரலி ஸ்பீக்கிங்' என்ற மென்பொருள் வந்த பின்னரே ஆங்கிலத்தில் சாதாரண ஆட்களும் இயல்பாகத் தொடர்ந்து பேசி எழுதுவிக்க முடிந்தது. அதற்கு முந்தியவற்றில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருந்தது.

ஆனால் ஆங்கிலத்தில் சொல்லி எழுதுகிறவருக்கு இல்லாத ஒரு சங்கடம் தமிழில் உண்டு. நாம் பேசுவதுபோல் எழுதுவதில்லை, எழுதுவதுபோல் பேசுவதுமில்லை. "வாறன்" என்று மனதில் நினைத்து "வருகிறேன்" என்று எழுதுகிறோம். இந்த மாற்றம் தலைக்கும் விரலுக்கும் இடைப்பட்ட தூரத்தில் சத்தமில்லாமல் நடந்து முடிகிறது. விரலை எடுத்துவிட்டால் அது எங்கே நடப்பது? நாக்கில்தான் நடக்கவேண்டும். ஆகவே நான் தனியறையில் இருந்துகொண்டு வானொலிச் செய்தி வாசிப்பவர்போல் பேசத் தொடங்கினேன். மனைவி கதவைத் திறந்து, "ஆரோட பேசுறீங்க?" என்று கேட்டார். கட்டுரை எழுதுகிறேன் என்றேன். "பயான் பண்ணுற மாதிரியெல்லோ கேக்குது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவர் சொன்னது உண்மை. அன்று எழுதியதை மறுநாள் வாசித்தபோது எனக்கே கூச்சமாயிருந்தது. ஒரு வாக்கியம் மூன்று முறை சொல்லப்பட்டிருந்தது. 'இன்னும் சொல்லப்போனால்' என்று நாலு பந்திகள் தொடங்கின. எங்கோ கைதட்டு வரும் என்று காத்திருக்கும் இடைவெளிகள்கூட எழுத்தில் தெரிந்தன. எமது இலக்கியத்தில் மேடைப்பேச்சின் செல்வாக்கு ஏற்கனவே போதுமான அளவு உண்டு. நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இந்த இயந்திரம் பரவினால் எல்லாக் கட்டுரைகளும் தலைமையுரைகளாகிவிடும் என்று பயப்படுகிறேன். ஹென்றி ஜேம்ஸுக்கும் என்னைப்போல் மணிக்கட்டு வலிதான். 1897 முதல் அவர் தட்டச்சாளரை வைத்துச் சொல்லி எழுதுவித்தார். அதன் பின்னர் அவரது வாக்கியங்கள் நீண்டு வளைந்து சுற்றிக்கொண்டு போயின என்று கூறும் விமர்சகர்கள் உள்ளனர். அவர் பெரிய எழுத்தாளர்; அவருக்கு அது அழகாக அமைந்திருக்கலாம்.

இனி ராத்தா ராதாவான கதைக்கு வருவோம். இந்த இயந்திரம் எப்படி எழுதுகிறது என்று மகனிடம் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் நான் விளங்கிக்கொண்டது இதுதான். அது ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக எடுத்து, அந்த ஒலிக்கு எந்த எழுத்துகள் பொருந்தலாம் என்று கணக்கிடுகிறது. பின்னர், தான் பழகிய பெருந்தொகையான வாக்கியங்களில் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எது அதிகம் வந்திருக்கிறது என்று பார்த்து, கூடிய வாய்ப்புள்ள சொல்லைத் தெரிவுசெய்கிறது. நான் ராத்தா என்றது அதற்குக் கேளாமல் போகவில்லை. கேட்டது. ஆனால் அது பழகிய தமிழில் ராதாக்கள் அதிகம், ராத்தாக்கள் அரிது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கெடுப்பு நடக்கிறது என்று சொன்னால் பெரிதும் பிழையாகாது. பெரும்பான்மை என்ற சொல்லின் கனத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இதில் எவருடைய வன்மமும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். யாரும் திட்டமிட்டு எமது சாச்சியை அகற்றவில்லை. எமது பேச்சு எழுத்தில் குறைவாக இருப்பதற்கு நாமும் காரணம். நானே எத்தனை கட்டுரைகளில் வாப்பாவை 'தந்தையார்' ஆக்கியிருக்கிறேன்! இயந்திரங்களுக்கு முன்னரும் இது நடந்தது. எனது முதல் சிறுகதை ஒரு பத்திரிகையின் ஞாயிறு மலரில் வந்தபோது, அதிலிருந்த உம்மா அம்மாவாகியிருந்தார். அச்சுக்கோத்தவர் எனக்கு உதவி செய்வதாகவே நினைத்திருப்பார். அப்போது ஆத்திரம் வந்தது. இப்போது அந்த ஆத்திரத்தை நினைத்தால் சிறிது வெட்கமாயிருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

சொல்லி எழுதுவதில் இன்னொரு தடையும் உண்டு. அது மௌனம் சம்பந்தப்பட்டது. பேனை சத்தமிடாது. வீடு நிறைய ஆட்கள் இருக்கையில், பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காமல் அவரைப் பற்றியே எழுதலாம். வாயால் எழுதும்போது முதல் வாசகன் சுவர்தான். சுவருக்கு அப்பால் மனைவி, மருமகள், பேரப்பிள்ளைகள். எழுதக்கூடியது எல்லாம் சொல்லக்கூடியதல்ல. தாஹா ஹுசைன் இளமையிலேயே பார்வையிழந்தவர்; எழுதியதெல்லாம் சொல்லி எழுதுவித்தவை. 1926இல் தொடராக வெளிவரத் தொடங்கிய 'அல்அய்யாம்' என்ற தன்வரலாற்றில் அவர் 'நான்' என்று தன்னைக் குறிப்பிடாமல், அந்தச் சிறுவன் என்றே சொல்லிக்கொண்டு போகிறார். விமர்சகர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தருவார்கள். எனக்கு இப்போது தோன்றுவது மிகச் சாதாரணமான ஒன்று. எதிரே ஒரு மனிதன் தாளோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, தனது அவமானங்களை 'நான்' என்று தொடங்கிச் சொல்ல அவருக்கு நாக்கு எழுந்திருக்காது. எனது ஊகம் தவறாகவும் இருக்கலாம்.

எனக்கும் அப்படி ஒரு பந்தி இருந்தது. அறைக்குள் சொல்ல முடியவில்லை. அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போய், தோணியொன்றின் நிழலில் இருந்து தொலைபேசியை வாயருகே வைத்துச் சொன்னேன். அலை இரைச்சலில் அது எதையும் உருப்படியாக எழுதவில்லை. கடைசியில் வைத்தியர் சொன்னதை மீறி, பேனையை எடுத்துக் கையாலேயே எழுதினேன். இரண்டு நாட்கள் கை வலித்தது. அந்தப் பகுதி இதுதான்.

வாப்பா மேசன். 1979இல் சவூதிக்குப் போனார், இரண்டு வருட ஒப்பந்தத்தில். திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் எமது கரையோர ஊர்களிலிருந்து அப்படிப் போன முதல் ஆட்களில் அவரும் ஒருவர். ராத்தாவுக்கு வீடு கட்டவேண்டும் என்பதே நோக்கம். பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை எடுக்க முடியாத எமது பகுதியின் வழக்கத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலர் எழுதிவிட்டார்கள். நான் திரும்பச் சொல்லவில்லை. உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. குர்ஆன் ஓதுவார், தமிழ் தெரியாது. வாப்பாவுக்குக் கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. உம்மா வாசற்படியில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டோ, ஓலை பின்னிக்கொண்டோ சொல்லுவார். நான் நீல நிற விமானத் தபால் தாளை ரேடியோப் பெட்டியின் மேல் வைத்து எழுதுவேன். முடிந்ததும், "எங்க, வாசி மகன்" என்பார். வாசித்துக் காட்டுவேன். அதன் பிறகே ஒட்டலாம்.

கடிதத்துக்கென்று ஒரு தமிழ் இருந்தது. ஸலாம் சொல்லி, அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம், தாங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம் என்று தொடங்கி, தாங்கள் அனுப்பிய பணம் கிடைத்தது என்று தொடரும் தமிழ். பாடசாலையில் கற்றது. உம்மா சொல்வதை அந்தத் தமிழுக்கு மாற்றுவது எனக்குப் பெருமையாக இருந்தது. "மழ இல்ல, கிணத்துல தண்ணி அடியில கிடக்கு" என்று அவர் சொன்னால், 'இங்கு வரட்சி நிலவுகிறது' என்று எழுதுவேன். வாசித்துக் காட்டும்போது அவர் புருவத்தை உயர்த்தி, நான் இப்படியா சொன்னேன் என்பதுபோலப் பார்ப்பார். ஆனால் சந்தோஷப்படுவார். படித்த பிள்ளை எழுதியிருக்கிறான்.

1981இல் வாப்பாவின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் ஒரு கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வருடம் இருக்கும்படி கேட்கிறார்கள், வீடும் முடியவில்லை, உங்கள் எண்ணம் என்ன என்று கேட்டிருந்தார். அன்று உம்மா ஒரு வேலையும் செய்யவில்லை. படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சல்லி போதும் எண்டு எழுது. வீடு நிண்ட இடத்துல நிக்கட்டும். ஆள் வந்தாச் சரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பதினான்கு வயது. வாப்பா வரும்போது ஒரு கைக்கடிகாரமும், இன்னும் இருந்தால் அடுத்த தடவை ஒரு சைக்கிளும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான் எழுதினேன்: 'வீட்டு வேலை கூரை மட்டத்தில் நிற்கிறது. மற்றவை தங்கள் விருப்பம்.' பொய் என்று சொல்ல ஒரு சொல்லும் அதில் இல்லை. பிறகு உம்மா, "எங்க, வாசி மகன்" என்றார். நான் தாளைப் பார்த்தபடி, அவர் சொன்னதை அப்படியே அவருடைய வாயால் வாசித்தேன். அவர் தலையாட்டினார்.

வாப்பாவின் பதில் ஒன்றரை மாதத்தில் வந்தது. எல்லோருடைய விருப்பத்தையும் அறிந்துகொண்டேன், இன்னும் இரண்டு வருடங்களுக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன் என்றிருந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். உம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்கு அடுத்த வருடம், கெசட்டில் குரலைப் பதிவுசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் எமது தெருவுக்கும் வந்தது. அயலில் எல்லோரும் பேசினார்கள், அழுதார்கள், பிள்ளைகளைப் பாடவைத்தார்கள். உம்மா மட்டும் ஒலிவாங்கிக்கு முன்னால் வர மறுத்துவிட்டார். "சொன்னதக் கேக்காத ஆளிட்ட என்னத்தப் பேசுற" என்றார். வாப்பா 1983இல் வந்து சேர்ந்தபோது கடைசித் தங்கை யாரோ ஒரு மனிதர் என்று அவரைக் கண்டு அழுதாள். சைக்கிள் வந்தது. வாப்பா 1998இல் மௌத்தானார். உம்மா அதன் பின்னர் பதின்மூன்று வருடங்கள் இருந்தார். தான் கேட்டும் கணவர் வரவில்லை என்ற நினைப்புடனேயே போய்ச்சேர்ந்தார்.

இதை நான் ஒரு பச்சாதாபக் கதையாகச் சொல்லவில்லை. சிறுவன் செய்தது என்று மன்னிப்பவர்கள் இருப்பார்கள். சிறுவன் செய்ததுதான், ஆனால் 2011 வரை வாய் திறக்காமலிருந்தவன் சிறுவனல்லன்.

குர்ஆனில் ஆக நீளமான வசனம் அல்பகராவின் 282ஆவது வசனம். அது வணக்கத்தைப் பற்றியதல்ல. கடன் எழுதுவது பற்றியது. எழுதுகிறவர் நீதியாக எழுதவேண்டும், எழுத மறுக்கலாகாது என்று சொல்லிவிட்டு, யார் சொல்லி எழுதுவிக்கவேண்டும் என்பதையும் அது வரையறுக்கிறது. கடன் கொடுத்தவரல்ல, கடன் பட்டவர். எழுதப்படும் சொல்லுக்கு நாளை யார் பிணையாக நிற்கப்போகிறாரோ, அவருடைய வாயிலிருந்தே அச்சொல் வரவேண்டும். அவர் சொல்ல இயலாதவராயின் அவரது பொறுப்பாளர் நீதியாகச் சொல்லவேண்டும். சின்ன வயதிலிருந்து இந்த வசனத்தை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அது எழுதுகிறவனைப் பற்றியது, அதாவது என்னைப் பற்றியது என்று எனக்கு உறைத்தது இந்தக் கைவலிக்குப் பிறகுதான்.

அந்த வெளிச்சத்தில் பார்த்தால் இயந்திரத்தின் பிழைகள் எவ்வளவு அப்பாவித்தனமானவை! அதற்குச் சைக்கிள் ஆசை இல்லை. ராத்தாவை ராதாவாக்கினால், ராதா என்றே திரையில் காட்டுகிறது; ராத்தா என்று வாசித்து ஏமாற்றுவதில்லை. எனக்கு வாசிக்கத் தெரியும், ஆகவே திருத்திவிடுகிறேன். முகாபலா என்பது எனக்கு அரை மணி நேர வேலை.

ஆனால் உம்மாவுக்கு? நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான். உம்மாவுக்கு இப்படியொரு தொலைபேசி கிடைத்திருந்தால் கடிதமே தேவைப்பட்டிருக்காது. வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பியிருப்பார். அவருடைய சொல், அவருடைய மூச்சு, இடையில் எந்தப் பயலும் இல்லை. கணவனுக்கு அது போதும். ஆனால் குரலை ஏற்றுக்கொள்ளாத இடங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகத்துக்கு, வங்கிக்கு, காணிப் பிணக்கில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, எழுத்துத்தான் வேண்டும். கச்சேரி வாசலில் ரைப்ரைட்டரோடு குந்தியிருந்து பெட்டிசம் எழுதிக்கொடுத்த ஆட்களை எமது தலைமுறை அறியும். சொல்கிறவளுடைய முறைப்பாடு ஒருவிதமாகவும், கனம் ஐயா அவர்களே என்று தொடங்கும் தாள் வேறுவிதமாகவும் இருக்கும். கீழே பெருவிரல் அடையாளம் அவளுடையது. இனி அந்த வேலையை இயந்திரம் செய்யும், எழுதத் தெரியாதவர்களுக்கு விடுதலை என்கிறார்கள். எழுதத் தெரியாதவருக்கு வாசிக்கவும் தெரியாதே! அவர் தொலைபேசியிடம் "என்ட சாச்சிட வளவு" என்று சொல்ல, அது 'எனது சாட்சியின் வளவு' என்று எழுதி, அந்தத் தாள் ஒரு கோவைக்குள் போய்விட்டால்? யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் ஒரு காணி உரித்து ஒரு சாட்சியாகக் குறுகிவிடும்.

எழுதியதைக் குரலில் திரும்ப வாசித்துக் காட்டும் மென்பொருளும் உண்டு என்று மகன் சொன்னான். நல்லது. அது திரையில் இருப்பதையே வாசிக்கும், என்னைப்போல் வாசிக்காது. அந்த அளவில் அது என்னைவிட நம்பிக்கையான எழுத்தன். ஆனாலும் சாட்சி என்று அது வாசிக்கும்போது, சாச்சி என்றே உம்மாவின் காதுக்குக் கேட்டிருக்குமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. சொன்னவர், தான் சொன்னதையே எதிர்பார்த்துக் கேட்கிறார். அன்று தலையாட்டியவரும் அப்படித்தான் கேட்டார்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னர் ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. அன்று கட்டி முடித்த அதே வீட்டில்தான் இருக்கிறார். நீங்கள் வருகிற கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறேன், கேளுங்கள் என்றேன். "எங்க, வாசி" என்றார். ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன். ராதா வந்த இடத்தில் சிரித்தார். கடிதம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். நான் முதலில் எழுதியிருந்தது, "சல்லி வேணாம் எண்டு எழுது" என்பதாகும்.

"வேணாம் எண்டு உம்மா சொல்லல்ல தம்பி. போதும் எண்டுதான் சொன்னா."

எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவ சொல்லக்குள்ள நான் உள்ளுக்கு இருந்தனே. பொறகு நீ ஒட்டச் சொல்லித் தந்த தாள வாசிச்சும் பாத்தன்."

மறுபக்கத்தில் சற்று நேரம் சத்தமில்லை. ஏன் ராத்தா உம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வீடு எனக்குத்தானே கட்டின" என்றார்.

'வேணாம்' என்றிருந்ததை மேலே 'போதும்' என்று திருத்தியிருக்கிறேன்.